கட்டில்ல இருந்தே லைட் போட ரிமோட் பிளக் - அம்மாவுக்காக, எது வாங்கலாம்?

மாம்பலம்_மாடிவீடு

எல்லாருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் பெருசா போயிடும், பொறுத்துக்கங்க.

மேற்கு மாம்பலத்துல ஒரு பழைய வீட்டு மாடியில வாடகைக்கு இருக்கோம். அம்மாவுக்கு 71 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், ராத்திரி ரெண்டு மூணு தடவ பாத்ரூம் போக எழுந்திரிப்பாங்க. கட்டில் ஜன்னல் பக்கம், சுவிட்ச் போர்டு கதவு பக்கம், நடுவுல பத்தடி இருட்டு. ஜீரோ வாட்ஸ் பல்பு போட்டு பாத்தோம், வெளிச்சம் இருந்தா அம்மாவுக்கு தூக்கமே வராது, நாம தூங்கினதும் அணைச்சிடுவாங்க. போன மாசம் அப்படி இருட்டுல சுவிட்சை தேடி நடக்கும்போது மிதியடி தடுக்கி விழுந்துட்டாங்க, எலும்பு எதுவும் உடையல, ஆனா கை ரெண்டு வாரம் வீங்கி இருந்துச்சு. "உன்னை எழுப்ப மனசு வரலடா"ன்னு சொன்னாங்க, அதுல இருந்து எனக்கு ராத்திரி சரியா தூக்கமில்ல.

ஹவுஸ் ஓனர் சுவத்தை தொடவே விடமாட்டார், புது பாயின்ட் இழுக்க முடியாது. அதனால பிளக்ல செருகி ரிமோட்ல ஆன் ஆஃப் பண்ற சாக்கெட் இருக்குல்ல, மூணு சாக்கெட் ஒரு ரிமோட்னு செட்டா விக்கிறாங்களே, அது வாங்கலாம்னு நினைக்கிறேன். என் கேள்வி என்னன்னா, ஒரு டேபிள் லேம்ப், ஒரு டேபிள் ஃபேன், கொசு லிக்விட் மெஷின் இந்த மூணுக்கும் இது சரிப்படுமா, எத்தனை வருஷம் உழைக்கும்? வைஃபை பிளக் நல்லதா, சாதா ரிமோட் நல்லதா? அப்புறம் கீழ இருக்கற தண்ணி மோட்டாரையும் பாத்ரூம்ல அம்மா வெந்நீர் வைக்கிற ராடையும் இதுலயே போட்டா அவங்க எழுந்திரிக்கவே வேணாமேன்னு ஒரு யோசனை. யூஸ் பண்ணவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

வேளச்சேரி_கலா

தம்பி, உங்க பதிவை படிச்சதும் எங்க மாமனார் ஞாபகம் வந்துடுச்சு. அவருக்கு பக்கவாதம் வந்து இடது கை வராம போனப்போ நாங்க இதே செட்தான் வாங்கி வச்சோம், நாலு வருஷம் அவர் கையிலயே ரிமோட் இருந்துச்சு. லேம்ப், ஃபேன், கொசு மெஷினுக்கு தாராளமா வாங்குங்க, இதுல யோசிக்கவே வேணாம். ஒருத்தரை கூப்பிடாம தானே லைட் போட முடியுதுங்கறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு நான் கண்ணால பாத்திருக்கேன், முதல் நாள் அவர் சும்மாவே ஒரு பத்து தடவ போட்டு போட்டு அணைச்சார்.

வாங்கினதுக்கு அப்புறம் நாங்க பட்டு தெரிஞ்சுக்கிட்டதை சொல்றேன், இதெல்லாம் பெட்டி மேல போட்டிருக்க மாட்டாங்க. முதல்ல அந்த வால் சுவிட்ச். நம்மூர்ல ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் பக்கத்துல ஒரு சுவிட்ச் இருக்கும், அது எப்பவும் ஆன்லயே இருக்கணும், இல்லன்னா ரிமோட்டை எத்தனை அழுத்தினாலும் வேலை செய்யாது. எங்க வீட்டுக்காரர் படுக்கப் போறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கற எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டு போற ஆளு, சின்ன வயசுல இருந்து வந்த பழக்கம், மாமனார் ராத்திரி ரிமோட்டை அழுத்தி அழுத்தி பாத்துட்டு கெட்டுப் போச்சுன்னு நினைச்சு படுத்துட்டார். அப்புறம் அந்த சுவிட்ச் மேல இன்சுலேஷன் டேப் ஒட்டி வச்சோம்.

ரெண்டாவது, ரிமோட்ல பட்டன் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இருட்டுல எது லைட்டு எது ஃபேன்னு தெரியாது. நான் கல்லு வச்ச ஸ்டிக்கர் பொட்டு ஒண்ணு எடுத்து லைட் ஆன் பட்டன் மேல ஒட்டிட்டேன், தடவிப் பாத்தாலே தெரியும். ரிமோட்டுக்கு ஒரு கயிறு கட்டி கட்டில் கால்ல மாட்டிடுங்க, தலகாணிக்கு அடியில வச்சா புரண்டு படுக்கும்போது பட்டன் அமுங்கி நடு ராத்திரி ஃபேன் நின்னுடும், எங்களுக்கு நடந்துச்சு.

கரண்ட் போயிட்டு வந்தா எங்க செட் ஆஃப் நிலையிலதான் வரும், திரும்ப அழுத்தணும். இதை அம்மாகிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, பயந்துடுவாங்க. இன்வெர்ட்டர் இருந்தா அந்த லைன்ல இருக்கற சாக்கெட்ல செருகுங்க.

ஒண்ணு மட்டும். மாமனாருக்கு நெபுலைசர் இருந்துச்சு, அதை நான் கடைசி வரைக்கும் இதுல போடல. மூச்சு சம்பந்தப்பட்ட எதையும் நேரா சுவத்து சாக்கெட்லதான்.

---

பெரம்பூர்_வயர்மேன்

சார் நான் 28 வருஷமா வயரிங் வேலை பாக்கறேன். மேடம் சொன்னது எல்லாம் கரெக்ட். மோட்டார், ராடு ரெண்டையும் பத்தி மட்டும் நான் கொஞ்சம் கடுமையா சொல்றேன், கோச்சுக்காதீங்க.

ராடு வேணவே வேணாம். கணக்கு பாருங்க, 1500 வாட்ஸ் ராடுன்னா 230 வோல்ட்ல ஆறரை ஆம்பியர் இழுக்கும். சின்ன சாக்கெட்டே 6 ஆம்பியர்தான், அதாவது 1380 வாட்ஸ். அதுல செருகற ரிமோட் பிளக் எப்படி தாங்கும்? இது ஆம்பியர் கணக்கு, சரி, பெரிய 16 ஆம்பியர் பிளக் வாங்கிக்கறேன்னு சொல்வீங்க. அப்பவும் வேணாம். ஏன்னா ராடு பக்கெட்ல தண்ணிக்குள்ள இருக்கா, வெளிய தொங்குதா, தண்ணியில யாராச்சும் கை வச்சிருக்காங்களான்னு கட்டில்ல படுத்துக்கிட்டு தெரியாது. பாக்காம ஆன் பண்ணக் கூடாத சாமான் அது. இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான், 1000 வாட்ஸ்னா நாலு ஆம்பியர் சொச்சம், பிளக் தாங்கும், ஆனா பெட்டி துணி மேல கவுந்து கிடக்கும்போது யாரோ ஃபேனுக்கு பதிலா அந்த பட்டனை அழுத்தினா? ஒரு வீட்ல மெத்தை கருகினதை நானே போய் பாத்தேன், நல்ல வேளை ஆள் இருந்தாங்க. அதனால சூடு பண்ற எந்த சாமானும் இந்த ரிமோட்ல வேணாம். அம்மா வெந்நீருக்கு ராடே வைக்காதீங்க சார், ஈரத் தரையில ராடு பிடிச்சுக்கிட்டு முட்டி வலியோட நிக்கற அந்த காட்சியே எனக்கு பிடிக்கல. நீங்களே காலைல கேஸ்ல சுட வச்சு ஊத்திக் குடுங்க, இல்ல ஓனர்கிட்ட பேசி ஒரு கீசர் மாட்டுங்க.

மோட்டார் விஷயம் வேற. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது அஞ்சாறு ஆம்பியர்தான், ஆனா கிளம்பற அந்த நொடியில அதைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். பிளக் உள்ள இருக்கற சின்ன ரிலேல (லைனை சேத்துப் பிரிக்கற குட்டி சுவிட்ச் அது) அந்த அடி விழுந்தா காண்டாக்ட் ரெண்டும் உருகி ஒட்டிக்கும், அப்புறம் நீங்க ஆஃப் அழுத்துவீங்க, ரிமோட்ல சின்ன லைட்டும் எரியும், மோட்டார் நிக்காது. டேங்க் வழிஞ்சு தெருவுல ஓடும். சம்ப்ல தண்ணி இல்லாம ஓடினா சீல் போய் காயில் கருகும். மாடிப்படி இறங்க முடியலன்னா ஆட்டோமேட்டிக் வாட்டர் லெவல் கன்ட்ரோலர் போடுங்க, மேல டேங்க்லயும் கீழ சம்ப்லயும் சென்சார் இருக்கும், தண்ணி குறைஞ்சா தானே போட்டுக்கும், ரொம்பினா இல்ல சம்ப் காலியானா தானே அணைச்சுக்கும். அது ஓனருக்கும் லாபம், அவர்கிட்ட கேட்டு பாருங்க.

இன்னொண்ணு, வாங்கும்போது நம்மூர் உருண்டை பின் இருக்கறதா பாத்து வாங்குங்க. தட்டை பின் போட்டது வந்தா அதுக்கு ஒரு அடாப்டர், அது லூஸா இருக்கும், லூஸ் காண்டாக்ட்தான் சூடாகி உருகறதுக்கு முதல் காரணம். அதோட உங்க பழைய வீட்டு சாக்கெட்ல டெஸ்டர் வச்சு பாருங்க, எர்த் மேல இருக்கற மாதிரி நேரா நின்னு பாத்தா பேஸ், அதாவது கரண்ட் வர்ற ஓட்டை, வலது பக்கம் இருக்கணும். மாத்தி குடுத்திருந்தா இந்த ரிமோட் பிளக் கரண்ட் திரும்பிப் போற நியூட்ரலை மட்டும் கட் பண்ணும், லைட் அணைஞ்சிருக்கும் ஆனா ஹோல்டர்ல கரண்ட் இருக்கும். எப்படி இருந்தாலும் பல்பு மாத்தும்போது வால் சுவிட்சை அணைச்சுட்டு மாத்துங்க.

வாடகை வீடு இல்லன்னா நான் டூவே சுவிட்ச்தான் சொல்லியிருப்பேன், கதவுகிட்ட ஒண்ணு கட்டில்கிட்ட ஒண்ணு, பேட்டரி வேணாம் ஒண்ணும் வேணாம். அந்த காலத்துல வயர்ல தொங்கவிட்ட பெட் சுவிட்ச் இருக்குமே, பேரிக்கா மாதிரி, தாத்தா கட்டில்ல எல்லாம் பாத்திருப்பீங்க. லேம்ப் வயர்லயே இன்லைன் சுவிட்ச் ஒண்ணு வச்சு கட்டிலுக்கு கொண்டு வந்தாலும் ஆகும், அம்பது நூறு ரூபா வேலை. ஆனா தரையில வயர் போகக் கூடாது, அதுவே தடுக்கி விடும்.

---

மாம்பலம்_மாடிவீடு

கலா அக்கா, பொட்டு ஐடியா பிரமாதம், அம்மாகிட்ட சொன்னேன், நல்ல பெரிய கல்லா பாத்து அவங்களே எடுத்து வச்சுட்டாங்க. வயர்மேன் அண்ணா, ராடு பத்தி நீங்க சொன்னதுல எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, நான் அம்மா எழுந்திரிக்க வேணாமேன்னு மட்டும்தான் யோசிச்சேன், இதை யோசிக்கல. ராடை எடுத்து பரண்ல போட்டாச்சு. நாளையில இருந்து வெந்நீர் என் பொறுப்பு.

வைஃபையா சாதா ரிமோட்டாங்கறது மட்டும் இன்னும் தெளிவா இல்ல.

---

ஓஎம்ஆர்_ஐடி_பையன்

ப்ரோ நான் வைஃபை பிளக் கட்சி. எங்க வீட்ல 16 ஆம்பியர் வைஃபை பிளக் கீசருக்கு போட்டிருக்கேன், காலைல 6 மணிக்கு ஆன் 6.20க்கு ஆஃப், எத்தனை யூனிட் ஓடுச்சுன்னு ஆப்ல காட்டும், ஆபீஸ்ல இருந்தே அணைச்சிருக்கானு பாக்கலாம். (கீசர் சூடு பண்ற சாமான்தான், ஆனா அதுல சூடு எல்லை தாண்டினா தானா அணைக்கற தெர்மோஸ்டாட், சேஃப்டி கட்டவுட் ரெண்டும் இருக்கு, ராடுல அது இல்ல, அதனால ரெண்டையும் ஒண்ணா சேக்க மாட்டேன்.) 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைலதான் பெரும்பாலும் கனெக்ட் ஆகும், ரவுட்டர்ல 5 மட்டும் போட்டு வச்சா பிளக் கண்ணுக்கே தெரியாது, நிறைய பேர் அங்கதான் மாட்டிக்கிறாங்க.

ஆனா உங்க அம்மாவுக்குன்னு கேட்டா நானே சாதா ரிமோட்டுக்குதான் ஓட்டு போடுவேன். ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணாடி தேடி, போன் எடுத்து, லாக் எடுத்து, ஆப் திறந்து லைட் போடறதெல்லாம் 71 வயசுல யாரும் பண்ண வேணாம். ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிட்டு இருந்தா அதுவும் இல்ல. அவங்களுக்கு கையில பிடிக்கற பட்டன்தான் சரி.

---

ரிச்சி_சோல்டரிங்

நான் இந்த பிளக்கை எல்லாம் பிரிச்சு மேயற ஆளு, எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல பாதி சம்பளம் போகுது, அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன், வாங்கும்போது உதவும்.

இந்த செட் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ. டிவி ரிமோட் மாதிரி நேரா காட்ட வேணாம், போர்வைக்குள்ள இருந்து அழுத்தினாலும் போகும், செங்கல் சுவர் ஒண்ணு ரெண்டு தாண்டும், கம்பி போட்ட கான்கிரீட்னா கொஞ்சம் திணறும். உங்களுக்கு ஒரே ரூம், கவலையே வேணாம். இரும்பு பீரோவுக்கு பின்னாடி இருக்கற சாக்கெட்ல மட்டும் செருகாதீங்க.

ரெண்டு வகை இருக்கு. பழைய வகையில ரிமோட்லயும் பிளக்லயும் குட்டி குட்டி டிப் சுவிட்ச் வச்சு கோட் செட் பண்ணணும், வீட்டு கோடுக்கு அஞ்சு சுவிட்ச்னா மொத்தமே 32 விதம்தான். புது வகை லேர்னிங் கோட், பிளக் பட்டனை சில செகண்ட் அமுக்கி பிடிச்சா லைட் மினுக்கும், அப்ப ரிமோட் பட்டனை அழுத்தினா கத்துக்கும். இதுல பரவலா வர்ற ஒரு சிப்ல 20 பிட் அடையாள எண், பத்து லட்சத்து சொச்சம் விதம் வரும், பக்கத்து வீட்டோட மோதற வாய்ப்பு ரொம்ப கம்மி. லேர்னிங் வகையே வாங்குங்க. இதுல இன்னொரு வசதி, ஒரே பிளக்குக்கு ரெண்டு ரிமோட் கத்துக் குடுக்கலாம் பல மாடல்ல, ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணு உங்ககிட்ட. ஆனா கோட் எப்பவும் மாறாத ஒரே கோட், யாராவது காப்பி எடுக்க நினைச்சா எடுத்துடலாம், லைட்டுக்கு பரவால்ல, கதவு பூட்டுக்கோ ஷட்டருக்கோ இதை நம்பாதீங்க.

எத்தனை வருஷம் உழைக்கும்னு கேட்டீங்க. விலை கம்மி பிளக்ல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் வச்சு 230ஐ குறைச்சுதான் உள்ள சர்க்யூட்டுக்கு தர்றான். அந்த கெப்பாசிட்டர் வருஷம் போகப் போக மதிப்பு இறங்கும், இறங்கினா ரிலேவை இழுக்க பலம் பத்தாது, டிக் டிக்னு சத்தம் வரும் ஆனா லைட் எரியாது. இந்த அறிகுறி தெரிஞ்சா பிளக் ஆயுசு முடியப் போகுதுன்னு அர்த்தம், மாத்திடுங்க. அதுக்கு முன்னாடி ரிமோட் பேட்டரியை பாருங்க, பாதி கம்ப்ளெயின்ட் அதுதான். நிறைய ரிமோட்ல 23ஏ-ன்னு ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி வரும், பாக்க பென்சில் செல்லை பாதியா வெட்டின மாதிரி இருக்கும், ஒண்ணு ஸ்பேர் வாங்கி வச்சுக்கங்க.

ரொம்ப முக்கியம். ரேஞ்ச் கூட்ட 17 சென்டிமீட்டர் வயரை ஆன்டெனாவா சோல்டர் பண்ணு, வெளிய நீட்டி விடுன்னு வீடியோல காட்டறாங்க. அந்த அளவு கரெக்ட்தான், 433க்கு கால் அலைநீளம் 17.3 சென்டிமீட்டர். ஆனா நான் மேல சொன்ன கெப்பாசிட்டர் வகை பிளக்ல உள்ள இருக்கற ஒவ்வொரு புள்ளியும் மெயின்ஸோட நேரா சேந்தது, அந்த ஆன்டெனா வயர்லயும் 230 வோல்ட் இருக்கலாம். வெளிய நீட்டினா தொட்டவங்க கதை முடிஞ்சது. தயவு செஞ்சு யாரும் பண்ணாதீங்க.

கரன்ட் பில் கவலைன்னா, காத்துக்கிட்டு இருக்கும்போது ஒரு பிளக் அரை வாட்ஸ்னு வச்சுக்கங்க, ரெண்டு மாசத்துக்கு முக்கால் யூனிட் கூட வராது. மூணு பிளக்குக்கும் ரெண்டு யூனிட் சொச்சம்.

---

அண்ணாநகர்_4வது_மாடி

மேல சொன்ன 32 கோட் விஷயத்துல நான் அடிபட்டவன். எங்க ஹால் லேம்ப் தினமும் சாயங்காலம் ஏழு மணி வாக்குல தானா எரியும், எங்க பாட்டி சாமி வந்து விளக்கேத்துதுன்னே முடிவு பண்ணி ஒரு மாசம் அந்த லேம்புக்கு கீழ பூ வச்சாங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது மூணாவது மாடியில அதே செட், கம்பெனியில இருந்து வந்த கோடை ரெண்டு பேருமே மாத்தல. நான் ரெண்டு டிப் சுவிட்சை தள்ளினதும் நின்னுச்சு. வாங்கின அன்னைக்கே கோடை மாத்திடுங்க.

---

பெசன்ட்நகர்_பீச்ரோடு

ஒரு சின்ன சேர்ப்பு. கடற்கரை பக்கம் இருக்கறவங்க பிளக் பின்னை ஆறு மாசத்துக்கு ஒரு தடவ உருவி பாருங்க, உப்புக் காத்துல பச்சை பிடிச்சு காண்டாக்ட் கெடும், எனக்கு ஒண்ணு லேசா சூடானது அதனாலதான். மாம்பலத்துக்கு அவ்வளவு இருக்காது, ஆனா தொட்டுப் பாத்து சூடா இருந்தா விடாதீங்க.

---

மாம்பலம்_மாடிவீடு

எல்லாரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போய் லேர்னிங் வகை, உருண்டை பின், மூணு பிளக் செட் வாங்கிட்டேன், கூடவே ஸ்பேர் பேட்டரி. டெஸ்டர் வச்சு பாத்தா கட்டில் பக்கத்து சாக்கெட்ல பேஸ் இடது பக்கம் இருந்துச்சு, வயர்மேன் அண்ணா சொல்லலன்னா எனக்கு பாக்கவே தோணியிருக்காது. தெரு முனையில இருக்கற எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு மாத்தியாச்சு, அதுக்கு ஓனர் ஒண்ணும் சொல்லல. மோட்டாருக்கு லெவல் கன்ட்ரோலர் பத்தி கேட்டேன், பாதி காசு தர்றேன்னு சொல்லியிருக்கார்.

லேம்ப்ல 9 வாட்ஸ் எல்இடி ரொம்ப கூசுதுன்னு அம்மா சொன்னாங்க, 3 வாட்ஸ் மஞ்சள் பல்பா மாத்தி, லேம்பை தரைக்கு பக்கமா இறக்கி வச்சேன், பாத்ரூம் வாசல் வரைக்கும் தரை நல்லா தெரியுது. மிதியடியை எடுத்தாச்சு.

முதல் ரெண்டு நாள் ராத்திரி நான் முழிச்சுக்கிட்டே படுத்திருந்தேன், ரிமோட் அமுக்கற சத்தம் கேட்டா எழுந்து உக்காருவேன். நேத்து அசந்து தூங்கிட்டேன். காலைல காபி குடுக்கும்போது கேட்டா, மூணு தடவ போயிட்டு வந்தேண்டா, நீ நல்லா குறட்டை விட்டுட்டு இருந்தேன்னு சொன்னாங்க.

---

வேளச்சேரி_கலா

ரொம்ப சந்தோஷம் தம்பி, அம்மாவை கேட்டதா சொல்லுங்க. வால் சுவிட்ச்ல டேப் ஒட்டினீங்களா?

---

மாம்பலம்_மாடிவீடு

ஐயோ இல்லக்கா. இதோ ஒட்டிடறேன்.